பழைய காருக்கு ஸ்பேர் இல்லை என்பது யார் எடுத்த முடிவு?

"கம்பெனி சாதனம் இப்ப வராது அண்ணாச்சி. இது மதி, ஓடும்."

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ பழைய கார் ஒன்றைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தியவர்களில் இந்த வசனத்தைக் கேட்காமல் வீடு திரும்பியவர்கள் குறைவு. கேட்டவர் தலையாட்டுவார். மெக்கானிக் 'இது' என்று சொன்ன அந்தப் பொருளை மாட்டுவார். எந்தக் கம்பெனி செய்தது, எந்த மாடலுக்கு உரியது, நம்பர் என்ன... யாருக்கும் தெரியாது. பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் 'பிரேக் சாமான்' என்று எழுதி அடியில் ஒரு தொகை போட்டிருக்கும். அவ்வளவுதான்.

இந்த விவகாரத்தில் திட்டு வாங்குகிறவர்கள் எப்போதும் இரண்டே பேர். ஒருவர் மெக்கானிக் (கொள்ளைக்காரன்). இன்னொருவர் கார்க்காரர் (புது வண்டி வாங்க மனசில்லாத கஞ்சன்). காரைச் செய்து விற்றவரை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஸ்பேர் கிடைக்காதது மழை பெய்யாதது மாதிரி ஏதோ இயற்கை விஷயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது சிலர் ஆபீசில் உட்கார்ந்து எடுத்த முடிவு. இந்தியாவின் ஒரு சட்ட அமைப்பே விசாரித்து அப்படித்தான் சொன்னது. அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில், பழைய கார் என்றால் எது? கல்யாண வீட்டு வாசலில் மாலை போட்டு நிற்கும் வெள்ளை அம்பாசிடர்தான் எல்லோர் கண்ணிலும் வரும். உத்தரபாரா தொழிற்சாலையை இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் நிறுத்தியதோடு அதன் கதை முடிந்தது. அதே வருடம் ஜனவரியில் மாருதி 800 நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே, 2000 வாக்கில். சரி, இதெல்லாம் தாத்தா வண்டி என்றே வைத்துக்கொண்டாலும், செவர்லே பீட்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு ஃபிகோ? 2021 செப்டம்பரில் ஃபோர்டு தன் இந்தியக் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022-ல் கடைசி வண்டி வெளியே வந்தது. ஏழு வருடக் கடனில் வாங்கியவனுக்குத் தவணை முடியுமுன்பே வண்டி 'பழசு' ஆகிவிட்டது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டு கம்பெனிகளும் போயின. சொன்னதற்கு என்ன சட்டப் பிடி இருக்கிறது? விற்ற வண்டிக்கு இத்தனை வருடம் ஸ்பேர் கொடுத்தே ஆக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

குமரி மாவட்டத்தில் இந்தப் பிரச்சினை கொஞ்சம் கூடுதலாகவே கடிக்கும். கொளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று தகரத்தைத் தின்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் கார் பதினோரு மாதம் ஷெட்டில் கிடக்கும், ஒரு மாதம் ஓடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. அசையாமல் கிடக்கும் வண்டியில் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துப் பிஸ்டன் இறுகிவிடும். லீவுக்கு வந்தவன் சாவி போட்ட முதல் நாளே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போவான். அங்கே தொடங்கும், 'இது மதி'.

சரியான பாகம், ஏறக்குறைய சரியான பாகம் இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு போல்ட்டு.

அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. அதில் போல்ட்டுகள் இஞ்ச் கணக்கு. 1990-களில் வந்த 1800 சி.சி. இசுஸூ எஞ்சின் ஜப்பான் வடிவமைப்பு, அதில் மில்லிமீட்டர் கணக்கு. இரண்டு வண்டியும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. இப்போது 5/16 இஞ்ச் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டு அதைவிட மயிரிழை பெரியது. விரலால் தடவினால் கடவுளுக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் மரை வேறு. இஞ்ச் போல்ட்டின் நுண்மரையில் ஓர் இஞ்சுக்கு 24 சுற்று, அதாவது சுற்றுக்குச் சுற்று 1.06 மில்லிமீட்டர் இடைவெளி. சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25. முதல் ஒன்றிரண்டு சுற்று பிடிக்கும். அப்புறம் இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பானரில் பைப்பைச் செருகி ஒரு இழுப்பு இழுத்தால் பிளாக்கில் உள்ள மரை போய்விடும். சில ரூபாய் போல்ட்டுக்காக எஞ்சின் பிளாக்கை லேத்துக்குத் தூக்க வேண்டும்.

இது எஞ்சின். பணத்தோடு போய்விடும். பிரேக்கில் அப்படி இல்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் ஒன்று அரை மில்லிமீட்டர் சின்னதாக இருந்தால் ஷெட்டுக்குள் மிதித்துப் பார்க்கும்போது பெடல் நிற்கும், பேச்சிப்பாறை இறக்கத்தில் நிற்காது. அளவு சரியாக இருந்தும் ரப்பர் ஜாதி தப்பாக இருந்தால் இன்னொரு வினை. பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் மினரல் ஆயில் பட்டால் ஊதிப்போகும், மற்ற எண்ணெய்களுக்கென்று செய்தது பிரேக் ஆயிலில் கெடும். பார்வைக்கு இரண்டும் கறுப்பு வட்டம்தான். (குலசேகரம், அருமனை, கீரிப்பாறை என்று மலையடிவாரம் முழுக்க ரப்பர் மரம், அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகமே நாகர்கோவிலில்தான். அந்த ஊரில் ஒரு பிரேக் ரப்பருக்கு இந்தப் பாடு. இப்போது பிரேக் கப் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம், இருந்தாலும் சிரிப்பு வருகிறது.)

ஒரே பெயரில் இருக்கும் வண்டிக்குள்ளும் இந்தக் குழப்பம் உண்டு. 'மாருதி 800-க்கு ஃப்யூவல் பம்ப்' என்று கேட்டால் அது கேள்வியே இல்லை. கார்புரேட்டர் வண்டியா, எம்.பி.எஃப்.ஐ. வண்டியா? முன்னதில் பம்ப் எஞ்சின் பக்கத்தில், கேம் ஷாஃப்ட் தள்ளி ஓடும் சாதாரண டயாஃபிரம் பம்ப். பின்னதில் கரண்டில் ஓடுவது, பெட்ரோல் டாங்கிக்குள் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஒட்டவே ஒட்டாது. இது வெளிப்படையாகத் தெரியும் வித்தியாசம். தெரியாத வித்தியாசங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வருடத்தின் நடுவில் ஒரு பிராக்கெட்டை மாற்றுவார்கள், ஒரு பேரிங்கை மாற்றுவார்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி சேஸிஸ் நம்பரைப் பார்ட் கேட்டலாக்கோடு ஒப்பிடுவதுதான். அந்தக் கேட்டலாக் யாரிடம் இருக்கிறது? கம்பெனியிடமும் அதன் டீலரிடமும்.

நாகர்கோவில் மெக்கானிக்கிடம் இருப்பது சாம்பிள். கழற்றிய பழைய பாகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கடை கடையாக ஏறுவார். இங்கே இல்லையென்றால் திருநெல்வேலி, இல்லையென்றால் திருவனந்தபுரம். அங்கும் இல்லையென்றால் சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது ஆம்னி பஸ் பார்சலில் வரும். வருவது எந்த வண்டியில் எத்தனை லட்சம் கிலோமீட்டர் உழைத்ததோ! தேய்ந்துபோன ஒன்றைச் சாம்பிளாகக் காட்டித் தேய்ந்துபோன இன்னொன்றை வாங்கும் இந்த வியாபாரத்துக்குப் பெயர் 'அட்ஜஸ்ட்மெண்ட்'. இதை மெக்கானிக்கின் சாமர்த்தியம் என்று புகழ்கிறார்கள். சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை. ஆனால் நோயாளியின் பழைய மாத்திரை உறையைப் பார்த்து மருந்து கொடுக்கும் டாக்டரை யாரும் புகழ்வதில்லையே.

சரி, கம்பெனிகள் என்ன சொல்கின்றன? 'டூப்ளிகேட் வாங்காதீர்கள், ஒரிஜினல் வாங்குங்கள்.' நல்ல புத்திமதி. ஆனால் இந்த 'டூப்ளிகேட்' என்ற ஒரே வார்த்தையில் மூன்று வேறு சரக்குகளைப் போட்டுக் கலக்கிவிட்டார்கள்.

கார் கம்பெனிகள் பெரும்பாலான பாகங்களைத் தாங்களே செய்வதில்லை. பிரேக்கை ஒருவர், பிஸ்டனை ஒருவர், ஸ்டியரிங்கை ஒருவர் செய்து கொடுக்கிறார்கள். அதிலும் பாதிப் பெயர்கள் தமிழ்நாட்டுப் பெயர்கள். டி.வி.எஸ். குடும்பத்தின் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ், ரானே. ஆக, கார் கம்பெனி பெட்டியில் வருவது ஒன்று. அதே சப்ளையர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது இரண்டாவது. பல சமயம் அதே ஆலை, அதே மெஷின். வேறொரு கம்பெனி தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பொறுப்பில் அதே அளவில் செய்து விற்பது மூன்றாவது. இதில் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. நான்காவதுதான் திருட்டு. அடுத்தவன் பெயரையும் ஹோலோகிராமையும் போலியாக அச்சடித்து விற்பது. 1999-ம் வருட டிரேட் மார்க் சட்டப்படி இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

திருட்டு நான்காவது மட்டும். ஆனால் கடைக்கு வரும் கார்க்காரர் பெட்டியில் கார் கம்பெனியின் பெயர் இல்லாத எதையும் டூப்ளிகேட் என்றே நினைக்கிறார். இந்தப் பயத்தில் லாபம் யாருக்கு என்று யோசிக்க பி.காம். படித்திருக்கத் தேவையில்லை. முதல் வகைச் சரக்கு விலை ஏறும். இரண்டாவது வகை கடைக்கே வராது. வந்திருந்தால் அம்பாசிடருக்கும் பீட்டுக்கும் கார் கம்பெனி போன பிறகும் பாகம் வந்துகொண்டிருக்கும்; செய்கிற ஆலை போகவில்லையே, சென்னையிலேயே இருக்கிறதே!

ஏன் வரவில்லை? இங்கேதான் அந்த விசாரணை.

2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் மூன்றின் மீதும் புகார் கொடுத்தார். ஸ்பேரும் பழுதுபார்க்கும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை, டீலரிடம் மட்டுமே போக வேண்டியிருக்கிறது என்பது புகார். விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் தீர்ப்புச் சொன்னது. 14 கார் கம்பெனிகள், மொத்த அபராதம் 2,544.65 கோடி ரூபாய். டாடா, மாருதி, மஹிந்திரா, டொயோட்டா, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாம் அதில் உண்டு. அம்பாசிடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸும் உண்டு. பாகம் செய்யும் சப்ளையர்கள் நேரடியாகக் கடைக்கு விற்க முடியாதபடி ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு மேனுவலும் கருவியும் மறுக்கிறார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. மழை பெய்யாததற்கு யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை. இதற்குப் போட்டிருந்தார்கள்.

கம்பெனிகள் சொன்ன சமாதானங்களில் ஒன்று சுவாரசியமானது. பாதுகாப்பாம்! பயிற்சி இல்லாத மெக்கானிக் கையில் பாகம் போனால் ஆபத்தாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாகத்தை மறுத்தால் அந்த மெக்கானிக் வேலையை விட்டுவிடுவாரா? கையில் கிடைத்ததை மாட்டுவார். வண்டி அதே ரோட்டில்தான் ஓடும். ஆணையம் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. பயிற்சி தேவையென்றால் கொடுங்கள் என்றது. பாகங்களின் பட்டியலையும் எம்.ஆர்.பி.யையும், தரத்தில் இணையான மாற்றுப் பாகங்கள் எவை என்பதையும் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள் என்றது. சப்ளையர்கள் வெளியே விற்கட்டும் என்றது. வெளியில் பழுதுபார்த்தால் வாரண்டி ரத்து என்று மொத்தமாக மிரட்டாதீர்கள் என்றது.

பிறகு வழக்கம்போல் அப்பீல், உயர் நீதிமன்றம். 2016 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸ்ஸான் மூன்றின் அப்பீலில் தவறு தவறுதான் என்று உறுதி செய்து, அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது. அந்த 2014 உத்தரவு எழுத்துக்கு எழுத்து நடந்திருந்தால் மார்த்தாண்டத்தில் எந்த மெக்கானிக்கும் செல்போனில் சேஸிஸ் நம்பரைத் தட்டிப் பார்ட் நம்பரை எடுத்திருப்பார். சில பெரிய கம்பெனிகளின் பாகங்களை இப்போது நெட்டில் நம்பர் போட்டு வாங்க முடிகிறது, அதை மறுக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் மாடல் என்றால் சுலபம். ஓய்ந்துபோன மாடல் என்றால் நம்பர் இருக்கும், சரக்கு இருக்காது. சரக்கு வேறு எந்தப் பெட்டியில் கிடைக்கும் என்ற இணைப் பட்டியல்தான் தேவை. அதுதான் இல்லை.

'கேட்பவர் குறைவு, அதனால் செய்வதில்லை' என்பது அடுத்த வாதம். வணிகவியல் பார்வையில் இதில் பாதி உண்மை. வருடத்துக்கு இரண்டு விற்கும் பொருளில் கடைக்காரர் முதலைப் போட்டு அலமாரியில் அடுக்க முடியாது, வாங்கும்போதே ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும், வரவு விற்றால்தான். 2025 செப்டம்பர் 22 வரை பல பாகங்களுக்கு 28 சதவீதம், இப்போது எல்லாவற்றுக்கும் 18. ஆயிரம் ரூபாய்ப் பொருளில் நூறு ரூபாய் குறைந்தது, சந்தோஷம். ஆனால் தேவை குறைவாக இருப்பதற்கும் தேவை சிதறிக் கிடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நாகர்கோவிலில் இரண்டு பேர், கோட்டயத்தில் நான்கு பேர், மதுரையில் ஐந்து பேர் என்று நாடு முழுக்க ஒரே பாகத்தைத் தேடுகிறார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில்! 'பின்பக்க வாஷர்', 'சின்ன கப்', 'ஆயில் ரப்பர்'. பொதுவான நம்பர் ஒன்று வெளியே இருந்தால் இந்தச் சிதறல் ஒரு ஆர்டர் ஆகும். கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறைகூட அதை நம்பி ஆயிரம் எண்ணம் செய்யும்.

பெயருக்குத் தேவை இருந்ததே! 2017-ல் அம்பாசிடர் என்ற வெறும் பெயரை பிரான்ஸின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தப் பெயர் ஒட்டிய வண்டிகள் அப்போதும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் பாகப் படங்களும் நம்பர்களும் பொதுச் சொத்தாக வரட்டும் என்று யாரும் பேரம் பேசவில்லை.

'பழைய வண்டி புகை கக்கும், உடைத்துப் போடு' என்பவர்களும் உண்டு. உடைப்பதா வேண்டாமா என்பது அரசு முடிவு செய்ய வேண்டியது. அரசு ஓட்டலாம் என்கிறது. 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரல் வரை 600 ரூபாய், பிறகு 5,000. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. இன்ஸ்பெக்டர் பார்த்து, ஓட்டத் தகுதி உண்டு என்று கையெழுத்தும் போடுகிறார். எந்தப் பாகத்தை நம்பி? கார்க்காரரிடம் பத்தாயிரம் வாங்குகிற அரசு, அந்த வண்டியைச் செய்தவரிடம் ஒரு காகிதப் பட்டியலைக் கேட்டு வாங்கவில்லை. புகையைப் பற்றிக் கவலை என்றால் தப்பான ஜெட் போட்ட கார்புரேட்டரும் சாம்பிளுக்கு வாங்கிய பிஸ்டன் ரிங்கும் கக்கும் புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெளிநாடுகளில் இது முடிந்துபோன சண்டை என்று சொல்ல முடியாது, ஆனால் பாதி தூரம் போயிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்களிடமே வாக்கெடுப்பு வைத்து, வெளி மெக்கானிக்குக்கும் பழுதுபார்க்கும் தகவலைக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் அதைக் கட்டாயமாக்கிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. கார் துறையும் அதில் உண்டு. தனிச் சட்டம் இன்னும் இல்லை.

ஆர்.சி. கட்டணத்தை ஏற்ற ஒரு அறிவிக்கை போதுமானதாக இருந்தது. ஆர்.சி. புதுப்பிக்கப்படும் எந்த மாடலுக்கும் பார்ட் நம்பர், அளவு, இணையான பாகம் மூன்றையும் வெளியிட வேண்டும், கடையை மூடிவிட்டுப் போகும் கம்பெனி அதைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அதே மாதிரி ஒரு அறிவிக்கை போடுவதில் என்ன கஷ்டம்?

அதுவரைக்கும் கார்க்காரர் கையில் இருப்பது பில்தான். விற்ற பொருளுக்கு பில் தராமலிருப்பது 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மாவட்ட ஆணையம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. 'பிரேக் சாமான்' என்று எழுதிய சீட்டை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிறவர் அங்கே எதைக் காட்டுவார்? பாகத்தைச் செய்த கம்பெனியின் பெயரும் நம்பரும் பில்லில் வர வேண்டும். மாட்டுவதற்கு முன் பெட்டியை வாங்கிப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் மறக்காமல் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த தடவை திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோக அதுதான் சாம்பிள்.